பயம் அளக்கும் பாய்

கரப்பான்பூச்சிக்குப் பயப்படாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் பட்ட பாடு இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக்கூடாது. அந்தப் பாட்டில் பாதியைத் தலையில் சுமந்தவள் ஒரு பெண். முன்பு வீடு வீடாகப் போய் பிரஷர் குக்கரைச் செய்து காட்டி விற்றவள். குக்கர் கம்பெனி படுத்துவிட்ட பிறகு மக்கள் அறிவியல் மையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலைக்கு மையம் வைத்திருந்த பெயர் 'நடமாடும் உயிரின விளக்குநர்'. பிள்ளைகள் வைத்த பெயர் 'கரப்பான் அக்கா'. இரண்டில் எது நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை. மையத்து வாசல் காவலாளியே அவளை அப்படித்தான் கூப்பிட்டார்.

மையத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, உயிரின அறை இருந்தது. ஒரு வெள்ளை எலி, ஓர் ஆமை, இலைக்கு நடுவே இருக்கிறதா செத்துவிட்டதா என்று தெரியாத குச்சிப்பூச்சிகள், கொஞ்சம் ரயில்பூச்சிகள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஊதுகரப்பான்கள். விரல் நீளம், இறக்கை கிடையாது, கையில் எடுத்தால் புஸ்ஸென்று ஊதும், ஊதியதற்கு மேல் ஒன்றும் செய்யாது. டப்பாக்களில் போட்டு, வேனில் ஏற்றி, பேட்டை பேட்டையாகப் போய்ப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இதற்கு எத்தனை கால், எதை வைத்து மூச்சு விடுகிறது, வீட்டில் ஓடும் கரப்பானுக்கு இது என்ன உறவு என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை.

சேர்ந்த புதிதில் அவளே டப்பாவைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தது மையம் இல்லை, அவள் மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் வாண்டு. லீவு நாளில் அம்மாவோடு வந்த வாண்டு, ஒரு கரப்பானை மிட்டாய் எடுப்பது போல எடுத்துத் தோளில் விட்டுக்கொண்டு, "இது தூங்கும்போது கண்ணை மூடுமாம்மா?" என்று கேட்டாள். கண்ணை மூடாது, இமையே கிடையாது என்று தெரிந்துகொள்வதற்காகவே அம்மாக்காரி அன்றைக்கு ஒரு புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. தனக்கில்லாத தைரியம் இந்தக் குட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். குக்கர் விற்ற வாய் அல்லவா, கேட்கிறவர்கள் தப்ப முடியாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்காகப் போகும் எதையும் பார்த்தால் மேலிடத்துக்குக் கை அரிக்கும்.

மையத்துக்குப் படியளக்கும் வாரியம் ஒரு கேள்வி கேட்டது. இத்தனை காலமாகக் கரப்பான்களைச் சுமந்துகொண்டு திரிகிறீர்களே, இதனால் மக்களிடம் என்ன மாற்றம் வந்தது? பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள் என்று இயக்குநர் பதில் எழுதினார். சந்தோஷம் மாற்றம் ஆகாது என்று வாரியம் திருப்பி எழுதியது. மையத்தின் வாசலில் 'பயம் போக்கு, அறிவு பெருக்கு' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அறிவு பெருகியதை அளப்பது கஷ்டம். ஆகவே பயம் போனதை அளப்பது என்று முடிவாயிற்று.

அளப்பதற்கென்றே ஓர் ஆலோசகர் வந்தார். அதற்கு முன் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் திருப்தியை அளந்தவராம். "அளக்க முடியாததுன்னு உலகத்துல ஒண்ணும் இல்லம்மா. பொறுமை இல்லாதவங்கதான் உண்டு" என்று அவளிடம் முதல் நாளே சொன்னார். சொன்னபடி ஒரு பாயைக் கொண்டு வந்து விரித்தார். நீளமான பிளாஸ்டிக் பாய். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பத்துக் கட்டங்கள். பச்சைப் பக்கம் கரப்பான் டப்பாவை வைக்க வேண்டும். பிள்ளைகள் தங்களுக்கு எவ்வளவு தூரம் தைரியமோ அவ்வளவு தூரம் கிட்டே வந்து நிற்க வேண்டும். எட்டாம் கட்டத்தில் நின்றால் பயம் எட்டு. பாடம் நடத்தி முடித்ததும் மறுபடி நிற்கச் சொல்ல வேண்டும். இப்போது இரண்டில் நின்றால், ஆறு பயம் போயிற்று. அந்த ஆறுதான் மையத்தின் சாதனை.

"எவ்வளவு எளிமை பாருங்க!" என்று இயக்குநர் பாயைத் தடவிப் பார்த்தார். டப்பா இன்னும் வராததால்தான் தடவினார். உயிரின அறையில் இருந்து ஒரு குச்சிப்பூச்சி எப்போதோ தப்பி நடைபாதையில் நடந்தது முதல், அவர் தன் அறைக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்துவைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

பாயை முதலில் விரித்துப் பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்தது, மார்க்கெட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக இருந்த பேட்டை. கரப்பான் அக்காவின் வீடும் அங்கேதான். சமுதாயக்கூடத்தில் பாயை விரித்து, டப்பாவைப் பச்சைப் பக்கம் வைத்து, ஆலோசகர் "கூப்பிடுங்கம்மா" என்றார். அவள் கூப்பிட்டாள். அவ்வளவுதான். பத்துக் கட்டங்களையும் ஒரே மிதியில் மிதித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் டப்பா மேல் விழுந்தது. யார் எந்தக் கட்டத்தில் நின்றார்கள் என்று பார்ப்பதற்குள் மூன்று கரப்பான் மூன்று தலையில் ஏறிவிட்டது. வாண்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது எனக்கு" என்றாள்.

"திரும்பிப் போங்க! தைரியம் இருக்கிற தூரத்துக்கு மட்டும் வாங்க!" என்று ஆலோசகர் கத்தினார்.

"வந்துட்டோமே சார்" என்றார்கள் பிள்ளைகள்.

ஆலோசகர் முகம் சுண்டிப்போய், எல்லோருக்கும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். அவள் பாடம் நடத்தினாள். முடிந்ததும் மறுபடி அளந்தார். எல்லோரும் பூஜ்யத்திலேயே நின்றார்கள், ஒரே ஒரு பையனைத் தவிர. அவன் ஒன்பதாம் கட்டத்தில் இருந்தான்.

"பயம் ஒன்பது கூடியிருக்கு" என்றார் ஆலோசகர், அதிர்ந்துபோய்.

"அவன் தண்ணி குடிக்கப் போயிட்டு வர்றான் சார்."

"காரணம் நமக்கு வேண்டாம்மா. பாய் என்ன சொல்லுதோ அதைத்தான் கேக்கணும். நீங்க நடத்துன பாடத்தால இந்தப் பேட்டையில பயம் அதிகமாயிருக்கு."

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மேல் மாடியில இருக்கிறவனை மேல ஏத்தலைன்னு உன்மேல புகாரா?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தம் முடிகிற காலம். இந்த முறை நிரந்தரம் ஆகவில்லை என்றால் மறுபடி எதையாவது தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். கதவிடுக்குத் துண்டைச் சரிபார்த்துவிட்டு இயக்குநர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, இந்த மையம் மக்கள் மனசுல இருக்கிற பயத்தைப் போக்கறதுக்காக உண்டானது. ஆனா மக்கள் நமக்கு ஒத்துழைக்கணுமா வேண்டாமா? பயம்ங்கிறது அவங்க பங்கு. போக்கறது நம்ம பங்கு. அவங்க பங்கையே அவங்க செய்யலைன்னா நம்ம பங்கை நாம எப்படிச் செய்யறது? பயப்படாத குழந்தையைப் பார்த்து நீங்க சந்தோஷப்படலாம். எனக்கு மனசு வலிக்குது. அந்தக் குழந்தைக்கு நம்மால ஒரு நன்மையும் செய்ய முடியாதே!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் பாதி ஆட்டிவிட்டு நிறுத்தினாள்.

"சார், பயப்படுறவங்க இருக்கிற இடத்துக்கே போனா என்ன? பெரிய ரோட்டு அடுக்குமாடியில எல்லாம் ஒரு கரப்பானைப் பார்த்தா வீட்டையே காலி பண்றாங்க."

"கேட்டுப் பார்த்தாச்சும்மா. டப்பாவோட கேட்டுக்குள்ள விட மாட்டேங்கிறாங்க. ரொம்ப பயப்படுறாங்க."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

இயக்குநர் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "ஏற்கெனவே பயந்து கிடக்கிறவங்க முகத்துல கொண்டுபோய்க் கரப்பானை நீட்டறதா? நாம மனுஷங்கம்மா."

இந்த அறையிலேயே நிகழ்ச்சியை நடத்தினால் நல்ல எண்கள் கிடைக்குமே என்று கேட்க அவள் நாக்கு துறுதுறுத்தது. நிரந்தர வேலை கண்முன் வந்து நாக்கைப் பிடித்து இழுத்தது.

கடைசியில் ஆலோசகர்தான் வழி சொன்னார். பாடம் நடத்தும் முன்பு, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம் ஊட்டிவிடுவது. கொஞ்சம்தான், தடுப்பூசி போல. பிறகு பாடம் நடத்தி அதை எடுத்துவிடுவது. அதற்கு 'முன்தயாரிப்பு' என்று பெயரும் வைத்தார். வாரியத் தலைவி நேரில் பார்வையிட வருவதற்குள் அதே பேட்டையைப் பத்தாம் கட்டத்துக்குக் கொண்டு போயாக வேண்டும். வேறு பேட்டைக்கு மாற்றினால் முதல் நாள் எண்கள் இடிக்குமாம்.

பயமுறுத்துவது லேசான காரியமா? அதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா? முதலில் சுவர் அளவுக்குக் கரப்பான் படம் ஒன்றை அச்சடித்துக் கொண்டுபோய் மாட்டினார்கள். பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்கள். மீசை ஒரு பக்கம் சின்னதாக இருக்கிறது என்று வாண்டு குற்றம் கண்டுபிடித்தாள். அடுத்து ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் போட்டார்கள். கரப்பான் ஊதுவது பிள்ளைகளுக்குப் பழகிப்போனது என்பதால் சிங்கத்தின் சத்தம். பிள்ளைகள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ஒருவன் அந்தச் சிங்கத்தை விட நன்றாக உறுமிக் காட்டினான்.

மூன்றாவதாக, மையத்து ஸ்டோர் கிளார்க்குக்குப் பழுப்பு ரெக்சினில் கரப்பான் உடை தைத்து மாட்டி, கூடத்துக்குள் விட்டார்கள். அவர் சாதுவான மனிதர், பென்ஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். அவர் இரண்டு தடவை கையை ஆட்டியதுதான் தாமதம், "புடிடா, காலை எண்ணுடா!" என்று பிள்ளைகள் பாய்ந்தார்கள். பாதி வழியில் ஒரு கால் கழன்று விழுந்தது. அவர் ஓடினார். கரப்பானுக்குச் சாக்கடை சொந்த வீடு என்று பாடத்தில் படித்திருந்த பிள்ளைகள், அவர் அங்கேதான் போவார் என்று முன்பே வழி மறித்து நின்றார்கள். முன்னாலும் பிள்ளைகள், பின்னாலும் பிள்ளைகள் என்றானதும் அவர் சாக்கடைக்குள்ளேயே விழுந்தார். மறுநாள் ஆலோசகர் அவரைப் பாயில் நிறுத்திப் பார்த்தார். பச்சைப் பக்கம் ஒரு குழந்தையை உட்கார வைத்தபோது, கிளார்க் பத்தாம் கட்டத்தையும் தாண்டிக் கழிப்பறையில் போய்த் தாழிட்டுக்கொண்டார். இந்தப் பயத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஆலோசகர் கேட்டார். கிளார்க் பயனாளி அல்ல, ஊழியர் என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

இதற்குப் பிறகுதான் இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. உங்க ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு. நிரந்தரம் பண்றதுக்கு எனக்கும் ஆசைதான். தலைவி வந்துட்டுப் போன அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "படத்தையும் சத்தத்தையும் அந்தப் பிள்ளைங்க நம்பலை. உங்களை நம்புறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

"நம்புறாங்கன்னுதானே சார் யோசிக்கிறேன்."

"நம்பிக்கைங்கிறது ஒரு வளம்மா. பயன்படுத்தாம வச்சிருந்தா வீணாப் போயிடும். ரெண்டு நாள்தான். ரெண்டு நாள் கழிச்சு நீங்களே பயத்தை எடுத்துடப் போறீங்க. உங்க கையால போட்டதை உங்க கையாலயே எடுக்கறீங்க. இதுல என்ன பாவம்?"

பேச்சு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. அநியாயம் எப்போது நியாயமில்லாமல் பேசியிருக்கிறது?

அவள் ஒரு முன்ஜாக்கிரதை செய்தாள். அன்று மத்தியானம் வாண்டுவை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிறகு கூடத்தில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு விஷயம் சொன்னாள். இந்தக் கரப்பான் இருக்கிறதே, இது நாம் அசந்திருக்கும்போது காதுக்குள் புகுந்துவிடும்.

"இவ்ளோ பெரிசு எப்படிக்கா காதுல நுழையும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

குக்கர் விற்ற காலத்தில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு. வாங்குகிறவர் சந்தேகம் கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். யோசித்தால் வியாபாரம் போச்சு. யோசிக்காமல் சொன்னாள்: "குஞ்சா இருக்கும்போதே பூந்துடும். உள்ளேயே இருந்து வளரும். வளர்ந்தப்புறம் வெளிய வர வழி தெரியாது."

சிங்கம் போல உறுமியவன் மெல்லக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கடைசி வரிசையில் ஒரு குழந்தை டப்பாவைப் பார்க்காமல் கதவைப் பார்த்தது. ஆலோசகர் ஜன்னலுக்கு வெளியே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. பிள்ளைகள் வாய்க்கு எங்கே போவது? சாயங்காலம் நாத்தனார் வீட்டில் இருந்து வந்த வாண்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டுக் குட்டி எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்துவிட்டது. வாண்டு உள்ளே வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள். எப்போதும் ஓடி வருகிறவள் நின்றதுமே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அம்மா, காதுக்குள்ள போய் வளருமா? நீ சொன்னியாமே?"

இல்லையடி, அம்மா பொய் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து பேட்டைக்கே போகும், தலைவி வரும் நாளில் மறுபடி எல்லோரும் பூஜ்யத்தில் நிற்பார்கள். ரெண்டு நாள்தானே என்று நினைத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.

வாண்டு கை கழுவினாள். காதையும் கழுவினாள்.

வாரியத் தலைவி இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். கூடத்தில் நாற்காலிகள் போட்டு, பாயைத் துடைத்து விரித்திருந்தார்கள். இயக்குநர் வரவேற்றுப் பேசினார். "இன்னைக்கு நீங்க ஒரு அற்புதத்தைப் பார்க்கப் போறீங்க. முதல்ல இந்தப் பகுதியோட அறியாமையைப் பாருங்க" என்று சொல்லி, டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டப்பாவைப் பச்சைப் பக்கம் வைத்ததும், பிள்ளைகள் அத்தனை பேரும் சிவப்புப் பக்கத்துக்குப் போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். ஆலோசகருக்குக் குரல் தழுதழுத்தது. "பத்து! எல்லாரும் பத்து! என் அனுபவத்துல இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை." உறுப்பினர்கள் கைதட்டினார்கள். வாண்டு கடைசியில், மூலையில் நின்றாள்.

இனி எடுப்பது அவள் முறை. அவள் ஒரு கரப்பானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அது புஸ்ஸென்று ஊதியது. "பாருங்க, இது ஒண்ணும் செய்யாது. காதுக்குள்ள எல்லாம் போகாது. போய் வளரவும் வளராது. அன்னைக்கு அக்கா சும்மா சொன்னேன்."

யாரும் அசையவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன்பா. வாங்க."

அன்றைக்கு எப்படி நுழையும் என்று கேட்ட பெண் சுவரோடு சாய்ந்தபடியே கேட்டாள். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"இல்ல. அன்னைக்கு நீங்க எங்ககிட்ட மட்டும் மெதுவா சொன்னீங்க. இன்னைக்கு சாருங்க எல்லாம் இருக்காங்க. அதான் மாத்திச் சொல்றீங்க."

குக்கரில் இப்படி ஒரு கேள்வி வந்ததே கிடையாது. அவள் வாண்டுவைப் பார்த்தாள். மற்றவர்கள் நம்பாவிட்டால் போகட்டும், தன் பிள்ளை வருவாள் என்று கையை நீட்டினாள். கையில் கரப்பான் இருந்தது. வாண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் முகத்தைத் துடைத்த கைக்குட்டையாலேயே மறுபடி துடைத்தார். முன்பும் பத்து, பின்பும் பத்து என்றால் சாதனை பூஜ்யம். பயம் இல்லாதபோதும் பூஜ்யம், பயம் வந்தபிறகும் பூஜ்யம். அப்போது ஆலோசகர் அவர் காதோரம் குனிந்தார். "சார், பயம்ங்கிறது குழந்தைக்கும் டப்பாவுக்கும் நடுவுல இருக்கிற தூரம். குழந்தைதான் நகரணும்னு நாம எங்கயும் எழுதலை."

இயக்குநர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அம்மா, டப்பாவைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தள்ளினாள். எட்டு, ஏழு, ஆறு என்று ஆலோசகர் எண்ணிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பின்னால் சுவர். கதவு டப்பாவுக்குப் பின்னால். ஒரு குழந்தை அழத் தொடங்கியது, அதைப் பார்த்து இன்னொன்று. ஐந்து என்றபோது, மூலையில் கண்ணை இறுக்கி மூடி, காதைப் பொத்திக்கொண்டு, வாண்டு சுவருக்குள் போய்விடுவது போல நெருக்கிக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். டப்பாவில் இருந்து கையை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்மா!"

"முடியாது சார்."

ஆலோசகர் தாமதிக்கவில்லை. தன் குடையை எடுத்து, கை படாமல், அதன் நுனியால் டப்பாவைத் தள்ளிக்கொண்டே போனார். நாலு, மூணு, ரெண்டு. அழுகையில் எண்ணிக்கை கேட்காததால் உரக்கச் சொன்னார்: "ஒண்ணு! எல்லாருக்கும் ஒண்ணு!"

தலைவி நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏறியதாகப் பிற்பாடு சொன்னார். "இவ்வளவு பக்கத்துல இருக்கு, ஒரு குழந்தைகூட ஓடலையே!" என்று வியந்தார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிவுரை சொன்னார். "குழந்தைகள் நகரவே இல்லை. அறிவியல்தான் அவங்களைத் தேடிப் போச்சு. அதுதான் மக்கள் அறிவியல்."

கைதட்டல் அடங்குவதற்குள் அவள் டப்பாவைத் தாண்டிப் போய் வாண்டுவைத் தூக்கினாள். பிள்ளை உடம்பெல்லாம் விறைத்திருந்தது.

இயக்குநர் சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, நிரந்தர வேலைக்கான உத்தரவை அவள் கையில் கொடுத்தார்.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மறுநாள் காலை வாண்டு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பள்ளிக்கூடத்திலும் எடுக்கவில்லை. பாடம் காதில் விழவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அப்பா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். தூங்கியபிறகு மெல்ல எடுத்துவிடலாம் என்று தொட்டதற்கு, பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தது. பிறகு யாரும் தொடவில்லை. எதையும் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவள், நடக்கும்போது தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

அவள் இயக்குநரிடம் போனாள். "சார், உயிரின அறையைத் தினம் கொஞ்ச நேரம் என் பொண்ணுக்குத் திறந்துவிடுங்க. ஆமையில இருந்து ஆரம்பிக்கிறேன். மெதுவா சரி பண்ணிடுவேன். அந்தப் பேட்டைப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

"எதுக்கும்மா?"

"பயந்து போயிருக்காங்க சார்."

இயக்குநர் ஃபைலைப் புரட்டினார். "உங்க பொண்ணு ஒண்ணுல நிக்கிறா. எல்லாருமே ஒண்ணுலதான் நிக்கிறாங்க. ஒண்ணுல இருக்கிற குழந்தைக்குப் பயம் கிடையாதும்மா. இல்லாத பயத்தைப் போக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"நேர்ல வந்து பாருங்க சார்!"

"பார்த்துட்டு, பத்துன்னு எழுதச் சொல்றீங்களா? அப்ப திட்டம் தோத்துப்போச்சுன்னு ஆகும். தோத்துப்போன திட்டத்துல உங்களுக்கு எப்படி வேலை நிரந்தரம் ஆகும்? யோசிச்சுப் பேசுங்க." குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "வீட்டுக் கவலையை வீட்டோட வச்சுக்கணும். திங்கட்கிழமையில இருந்து ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போறோம். அங்கயும் ஒரு குழந்தைக்குக்கூடப் பயம் இல்லையாம். பாவம்."

அவள் இடுப்பில் இருந்த உயிரின அறைச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உத்தரவையும் அதன் பக்கத்தில் வைத்தாள். "அந்தப் பிள்ளைங்களை நீங்களே போய்ப் பயமுறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். கதவிடுக்குத் துண்டு காலில் சிக்கிக்கொண்டு வெளியே வந்தது. "துண்டு! துண்டைப் போட்டுட்டுப் போங்கம்மா!" என்று பின்னாலிருந்து பதறிய குரலைக் கேட்காதவள் போல அவள் நடந்தாள்.

வீட்டில் வாண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டில் மேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து, பிள்ளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, அம்மா பொய் சொல்லிட்டேன்டா. அது காதுக்குள்ள போகாது. வளராது."

"என்னது?"

"பொய்! அம்மா சொன்னது பொய்!"

"கேக்கலம்மா."

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பொய் சொன்ன சேதி தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பிள்ளை மட்டும் அம்மா ஏன் அழுகிறாள் என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் பஞ்சைக் காட்டி, எடு, எடுத்துவிடு என்று கையால் கெஞ்சினாள்.

வாண்டு அவசரமாக இரண்டு கையாலும் பஞ்சை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டாள்.

"எடுத்தா பூந்துடும்மா. நீதானே சொன்னே?"